அனுமதி கேட்ட குரல்

கைதிகள் முகாம், குவாம்
ஆகஸ்ட் 28, 1944

அன்புள்ள எங்கிராசியா அக்காவுக்கு,

உங்கள் சித்தப்பா மகன் பவுலினோ எழுதுகிறேன். உயிரோடு இருக்கிறேன். கேட்டுச் சந்தோஷப்படுவீர்களோ இல்லையோ, முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

இங்கே முள்கம்பிக்குள் எங்களை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் ஜப்பான் சிப்பாய்கள். இந்தப் பக்கம் என்னைப் போல, ஜப்பான் ஆண்ட சைப்பான் தீவிலிருந்து அவர்களுக்கு மொழிபெயர்க்கக் கொண்டுவரப்பட்டவர்கள். அந்தப் பக்கத்துக்காரர்களும் எங்களைப் பார்த்துத் துப்புகிறார்கள். காவலுக்கு நிற்கும் குவாம் ஆட்களும் துப்புகிறார்கள்.

உங்கள் தம்பி சிரியாக்கோ ஒளிந்திருந்த குகையை நான்தான் காட்டிக்கொடுத்தேன் என்று பெரியப்பா கைநாட்டு வைத்து எழுதிக் கொடுத்திருக்கிறார். அமெரிக்க அதிகாரி அதை எனக்குப் படித்துக் காட்டினார். நிரூபணமானால் தூக்கு என்று சொன்னார். சாப்பிட்டாயா என்று கேட்பது மாதிரிச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அக்கா, உங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். ஜூன் பதினைந்தாம் தேதி சிரியாக்கோவின் முதுகுப் புண்ணுக்கு மருந்துத் தூளும் பஞ்சும் திருடிக்கொண்டு வந்தது யார்? அதை மட்டும் விசாரணையில் வந்து சொல்லுங்கள். வேறு எதுவும் சொல்ல வேண்டாம்.

சைப்பான் ஜூலையிலேயே விழுந்துவிட்டதாம். ஜனங்கள் பாறை மேலிருந்து கடலில் குதித்ததாக இங்கே ஒருவன் சொன்னான். அம்மா இருக்கிறாளா என்று தெரியவில்லை.

பவுலினோ


யோனா அகதிகள் முகாம்
செப்டம்பர் 4, 1944

பவுலினோவுக்கு,

உன் கடிதம் பிரித்து, படித்து, மறுபடி ஒட்டப்பட்டு வந்தது. படிக்கட்டும். இதையும் நன்றாகப் படிக்கட்டும்.

மருந்து கொண்டுவந்தாய். இல்லையென்று நான் எப்போது சொன்னேன்? விமானத்தளம் போடும் வேலையில் அடி வாங்கி, முதுகு கிழிந்து ஓடிவந்தான் என் தம்பி. அவனுக்காக உன் காலில் விழாத குறையாகக் கெஞ்சியது நான்தான். புண்ணைப் பார்க்காமல் மருந்து போட முடியாது என்று சொல்லி நீ குகை வரைக்கும் வந்தாய். உன்னைக் கூட்டிக்கொண்டு போனதும் நான்தான். அதை நினைத்துத்தான் தினமும் வயிறு எரிகிறது. அந்தக் குகை மூன்றே பேருக்குத் தெரியும். எனக்கு, அப்பாவுக்கு, உனக்கு. நான் சொல்லவில்லை. அப்பா தன் மகனைத் தானே சொல்வாரா? மிச்சம் யார் என்று நீயே சொல்.

ஜூலை ஐந்தாம் தேதி அவனைக் கொன்றார்கள். எட்டாம் தேதி அமெரிக்கக் கப்பல்கள் சுட ஆரம்பித்தன. பிறகு ஜப்பான்காரர்கள் எங்களை மழையில் மனெங்கோன் பள்ளத்தாக்குக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். பாதி வழி அப்பாவை நான் முதுகில் சுமந்தேன். அங்கே சேற்றில் தென்னை ஓலை போட்டுப் படுத்தோம். இருபத்தொன்றாம் தேதி அசான் கரையிலும் அகாத் கரையிலும் அமெரிக்கர்கள் இறங்கினார்கள். பதினாறு நாள், பவுலினோ! பதினாறே நாள் அவன் அந்தப் பொந்தில் கிடந்திருந்தால் போதும்.

அமெரிக்கச் சிப்பாய்கள் வந்தபோது எல்லோரும் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அழுதார்கள். அப்பா மட்டும் ஒருவன் சட்டையைப் பிடித்து, "ஏம்ப்பா, இவ்வளவு நேரம் எங்க போயிருந்தீங்க?" என்று கேட்டார். அந்த ஆளுக்கு ஒன்றும் புரியவில்லை. பாவம், மிட்டாய் எடுத்துக் கொடுத்தான்.

கையில் ஜப்பான்காரர்களின் பட்டையைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் வலம் வந்தவன் நீ. சரியாகக் குனிந்து வணங்கவில்லை என்று அதே அப்பாவை ஊர் பார்க்க அறைந்தவன் நீ. அதற்கு முதல் நாள்தான் எங்கள் வீட்டில் உட்கார்ந்து, பெரியப்பா பெரியப்பா என்று வாய் நிறையக் கூப்பிட்டுக்கொண்டு சோறு தின்றாய்.

நான் வர மாட்டேன்.

எங்கிராசியா


கைதிகள் முகாம்
செப்டம்பர் 11, 1944

அக்கா,

அறைந்தது உண்மை. நான் அறையாமல் இருந்திருந்தால் பக்கத்தில் நின்ற சார்ஜென்ட் துப்பாக்கிக் கட்டையால் அடித்திருப்பான். பெரியப்பாவின் வயதுக்கு அது தாங்காது. இதை அன்றைக்கே வந்து சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருந்தது, சொல்லவில்லை.

நான் ஆசைப்பட்டு இங்கே வரவில்லை. ஜப்பான் பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படித்தேன், அதுதான் நான் செய்த தப்பு. இரண்டு நாள் தவணை கொடுத்துக் கப்பலில் ஏற்றினார்கள். இங்கே வந்தால் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள் என்று அம்மா ஒரு பொட்டலம் உப்புக் கருவாடு கொடுத்து அனுப்பினாள். நீங்கள் அதை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, "சைப்பான் மீனும் நம்ம மீன் மாதிரிதான் நாறுது" என்றீர்கள். ஞாபகம் இருக்கிறதா?

குகை எனக்கு ஜூன் பதினைந்திலிருந்தே தெரியும். ஜூலை ஐந்து வரை இருபது நாள். காட்டிக்கொடுக்க நினைக்கிறவன் இருபது நாள் காத்திருப்பானா? நடுவில் இன்னொரு தடவை வந்து புண்ணைக் கழுவிக் கட்டுவானா?

அன்றைக்கு நான் அவர்களோடு இருந்தேன். அதை நான் மறுக்கவில்லை. பன்றி பிடிக்கத்தான் தாலோபோபோ ஓடைக் காட்டுப் பக்கம் வந்தோம். அவர்களுக்கு வழி எப்படிக் கிடைத்தது என்பதை மட்டும் என்னால் எழுத முடியாது. விசாரணையிலும் சொல்ல மாட்டேன். தயவுசெய்து கேட்காதீர்கள். மருந்து பற்றி மட்டும் வந்து சொல்லுங்கள்.

பவுலினோ


யோனா
செப்டம்பர் 20, 1944

பவுலினோவுக்கு,

அப்படியா? நீயும் அவர்களோடு இருந்தாயா? முதல் கடிதத்தில் இந்தப் பேச்சே இல்லையே! அன்றைக்கு அந்தப் பக்கம் காய் பொறுக்கப் போன டொமிங்கா உன்னையும் நான்கு சிப்பாய்களையும் ஓடை ஓரம் பார்த்ததாக இங்கே சொல்ல ஆரம்பித்த பிறகு, உனக்கும் ஞாபகம் வந்துவிட்டது. முள்கம்பிக்குள் சேதி நன்றாகத்தான் போகிறது.

வழி எப்படிக் கிடைத்தது என்று சொல்ல முடியாதாம். ஏன் முடியாது? யாரைக் காப்பாற்றுகிறாய்? உன்னைத் தவிர உனக்கு இந்தத் தீவில் யார் இருக்கிறார்கள்? கடைசியில் என் பேரைச் சொல்லப் போகிறாயா? உன்னிடம் மருந்து கேட்டது நான், உன்னைக் கூட்டிப் போனது நான். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டு என் கழுத்தில் மாட்டுவது உனக்குப் பெரிய வேலையில்லை.

இந்த முகாமில் யாரும் யாரையும் நேராகப் பார்ப்பதில்லை. போன வருடம் ஜப்பான்காரனிடம் வாங்கி அரிசி தின்றது யார், யார் வீட்டுப் பெண் ஜப்பான்காரனுக்குத் துணி துவைத்தாள், பறிபோன சைக்கிளை யார் அவனிடமிருந்து திருப்பி வாங்கினான் என்று கூடாரத்துக்குக் கூடாரம் விசாரணைதான். டொமிங்கா அங்கே என்ன காய் பொறுக்கினாள் என்று நானே இரண்டு நாள் யோசித்துப் பார்த்தேன். அப்படி ஆகிவிட்டது புத்தி.

அப்பா தினமும் கூடார வாசலில் உட்கார்ந்து வருகிறவன் போகிறவனிடமெல்லாம் உன் கதையைத்தான் சொல்கிறார். பன்னிரண்டு பேர் அவர் கைநாட்டுக்குக் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அதுதான் அவருக்குச் சாப்பாடு, அதுதான் தூக்கம்.

உண்மையைச் சொல், இல்லையென்றால் எழுதாதே.

எங்கிராசியா


அக்டோபர் 1, 1944

அக்கா,

இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை. அமெரிக்கர்களின் துணி துவைக்க வரும் தொமாசா தன் கூடையில் வைத்துக் கொண்டுவருவாள். படித்ததும் கிழித்துவிடுங்கள். பெரியப்பாவின் காதில் மட்டும் விழக்கூடாது. சத்தியம் கேட்கிற நிலையில் நான் இல்லை, ஆனாலும் கேட்கிறேன்.

அன்று காலை பன்றி கிடைக்காமல் ஓடையைத் தாண்டி நிழலில் உட்கார்ந்திருந்தோம். சார்ஜென்டும் மூன்று சிப்பாய்களும் நானும். குகை இருக்கும் பக்கம் அவர்களைப் போகவிடாமல் இருக்க நான் காலையிலிருந்து எதிர்ப்பக்கமே கைகாட்டிக்கொண்டிருந்தேன். திரும்பிப் போகலாம் என்று எழுந்தோம்.

அப்போதுதான் அந்தப் பெரிய ஆலமரத்தடியிலிருந்து சத்தம் வந்தது. பெரியப்பாவின் சத்தம். "தாத்தா, பாட்டி, நான் லோரென்சோ வந்திருக்கேன். இது உங்க இடம். மேல குகையில என் மகன் சிரியாக்கோ படுத்திருக்கான். அவனுக்கு ஈரப்பலா சுட்டுக் கொண்டு போறேன். எதையும் ஒடிக்க மாட்டேன், எதையும் எடுக்க மாட்டேன். எனக்கு வழி விடுங்க."

காட்டுக்குள் கால் வைக்கும் முன்னால் நாம் எல்லோரும் கேட்கிற அனுமதிதான். நானும் சைப்பானில் அப்படிக் கேட்டுத்தான் வளர்ந்தேன். பேரைச் சொல்ல வேண்டும், வந்த காரியத்தைச் சொல்ல வேண்டும், முன்னோர்களிடம் ஒன்றையும் மறைக்கக் கூடாது. ஆனால் நாங்கள் முணுமுணுப்போம். பெரியப்பா கூப்பாடு போடுகிறவர்.

அவர் கையில் இருந்த கூடையைப் பார்த்துச் சிப்பாய்களுக்கு விளங்கிவிட்டது. அவர் பின்னாலேயே போனார்கள். என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். அவர் சாப்பாடு கொடுத்துவிட்டுக் கீழே இறங்கிப் போகும் வரை பாறைக்குப் பின்னால் காத்திருந்தார்கள். அதற்கு மேல் நடந்தது உங்களுக்குத் தெரியும்.

இதை நான் விசாரணையில் சொன்னால் ஒருவேளை பிழைப்பேன். பெரியப்பா பிழைக்க மாட்டார். அதனால்தான் மருந்தை மட்டும் கேட்டேன்.

பவுலினோ


யோனா
நவம்பர் 3, 1944

பவுலினோ,

ஒரு மாதம் பதில் போடவில்லை. உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வந்த முதல் யோசனை என்ன தெரியுமா? என்ன சாமர்த்தியமான பொய் என்பதுதான். மகனை இழந்த கிழவர் தலையிலேயே பழியைப் போட்டுவிட்டு, அவரிடம் கேட்கவும் கூடாது என்று எனக்கு வாய்ப்பூட்டும் போட்டுவிட்டாயே! இரண்டு வருடம் ஜப்பான்காரனோடு இருந்தவனுக்கு இதெல்லாம் சொல்லியா கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். உன்னைக் கண்டபடி ஏசி ஒரு கடிதம் எழுதினேன். அனுப்பவில்லை.

நேற்று கல்லறைத் திருநாள். சிரியாக்கோவை அந்த ஓடைப் பக்கம்தான் புதைத்திருக்கிறோம் என்று உனக்குத் தெரியும். புல் செதுக்கிச் சிலுவைக்கு வெள்ளையடிக்க அப்பாவும் நானும் போனோம். பாதை அடையாளமே தெரியவில்லை. இந்தத் தீவை அமெரிக்கர்கள் பிடித்ததே விமானம் விடத்தான் போலிருக்கிறது. மலை மாதிரி வண்டிகள் வந்து தென்னந்தோப்பையெல்லாம் வழித்துத் தள்ளுகின்றன. இங்கிருந்து ஜப்பானுக்கே பறந்து போய்க் குண்டு போடுவார்களாம். ஓடைக்கு இந்தப் பக்கம் பாதி காடு இல்லை. ஆலமரம் மட்டும் நிற்கிறது.

மரத்தடியில் அப்பா நின்றார். தொப்பியைக் கழற்றினார். "தாத்தா, பாட்டி, நான் லோரென்சோ. என் மக எங்கிராசியாவும் வந்திருக்கா. ஓடைக்கு அந்தப் பக்கம் என் மகன் கல்லறை இருக்கு, அதச் சுத்தம் பண்ணப் போறோம். வழி விடுங்க." தூரத்தில் வண்டி உருட்டிக்கொண்டிருந்த அமெரிக்கன் ஒருவன் திரும்பிப் பார்த்தான். அவ்வளவு சத்தம்.

"ஏம்ப்பா இப்படிக் கத்துறீங்க?" என்று கேட்டேன்.

"அவங்களுக்கு எத்தன வயசுன்னு நினைக்கிற? காதா கேக்கும்?" என்றார்.

"அன்னிக்கும் இப்படித்தான் கேட்டீங்களா? தம்பிக்குச் சாப்பாடு கொண்டு போன அன்னிக்கு?"

"கேக்காம எப்படிப் போவேன்? அவங்க கோபத்துல மூஞ்சி வீங்கிப் போகாதா? தினமும் கேட்டேன். அன்னிக்கு நல்லாவே கேட்டேன். அவங்களும் அனுமதி குடுத்தாங்க. என் பின்னாடியே நடந்து வந்தாங்க தெரியுமா? சருகு மிதிபடுற சத்தம் குகை வரைக்கும் கேட்டுச்சு. நான் திரும்பிப் பாக்கல. பாக்கக் கூடாது. என் மகனுக்குக் காவலா தாத்தாவும் பாட்டியும் வந்தாங்க, அந்தச் சைப்பான் நாய்தான் கெடுத்துட்டான்."

நான் ஓடையில் இறங்கி முகம் கழுவினேன். அழுதது அவருக்குத் தெரிய வேண்டாம் என்று கழுவிக்கொண்டே இருந்தேன்.

விசாரணைக்கு வருகிறேன். என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே இன்னும் தெரியவில்லை. உன்னை முழுதாக நம்பிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

எங்கிராசியா


யோனா
நவம்பர் 27, 1944

பவுலினோ,

உன்னை விட்டுவிடுவார்கள் என்று தொமாசா சொன்னாள். நீ கூண்டில் நின்று நான் சொன்னதையெல்லாம் கேட்டாய். ஆனாலும் என் கையால் ஒருமுறை எழுதிவிடுகிறேன். அங்கே மொழிபெயர்த்தவன் நான் சொன்னதை அப்படியே சொன்னானா என்று யாருக்குத் தெரியும்?

மருந்து கதை மட்டும் போதவில்லை. அந்த அதிகாரி, "சரி, மருந்து கொடுத்தான், பிறகு மனசு மாறிக் காட்டிக்கொடுத்திருக்கலாம் அல்லவா?" என்று கேட்டார். நல்ல கேள்விதான். நானும் மூன்று மாதம் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் என் வாயில் அது வந்தது. அன்றைக்கு அப்பா திரும்பி வந்த பிறகு உப்பு கொடுக்க மறந்துவிட்டதென்று நான் இன்னொரு தடவை போனேன், ஆலமரத்தடியில் நின்று மகா சத்தமாக அனுமதி கேட்டேன், தம்பி பேரையும் குகையையும் சொல்லிக் கேட்டேன், சிப்பாய்கள் என் பின்னால்தான் வந்திருக்க வேண்டும் என்று சொன்னேன். பைபிள் மேல் கை வைத்துக்கொண்டே சொன்னேன்.

அப்பா பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் திரும்பவில்லை. அவர் எழுந்து போகும்போது பெஞ்சு நகர்ந்த சத்தம் மட்டும் கேட்டது.

இப்போது அவர் வேறு கூடாரத்தில் படுக்கிறார். சாப்பாடு கொண்டுபோய் வைத்தால் சாப்பிடுகிறார். ஆனால் காலையில் கையை முத்தமிடப் போனால் கையை இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொள்கிறார். பிறந்ததிலிருந்து அந்தக் கையை முத்தமிடாமல் நான் ஒரு நாளைத் தொடங்கியதில்லை. கைநாட்டுக்குக் கீழே கையெழுத்துப் போட்ட பன்னிரண்டு பேரும் என்னைப் பார்த்தால் சிலுவை போட்டுக்கொள்கிறார்கள். போகட்டும். அவர் என்னை வெறுத்துக்கொண்டு இருப்பார். ஆனால் இருப்பார்.

நன்றி சொல்லி எழுதாதே. எனக்கு ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். அதற்கு மட்டும் எழுது.

கூடையைப் பார்த்துச் சிப்பாய்களுக்கு விளங்கிவிட்டது என்று எழுதியிருந்தாய். கூடையோடு காட்டுக்குள் போகிற கிழவர்கள் இந்தத் தீவில் எத்தனையோ பேர். ஒரு கிழவன் மரத்தைப் பார்த்துக் கத்தினால், பக்கத்தில் மொழிபெயர்ப்பவனை வைத்துக்கொண்டு எந்தச் சார்ஜென்டாவது சும்மா இருப்பானா? அவன் உன்னைக் கேட்டிருப்பான், பவுலினோ. நீ என்ன சொன்னாய்?

எங்கிராசியா


சுசுப்பே முகாம், சைப்பான்
ஜனவரி 14, 1945

அக்கா,

அம்மா இருக்கிறாள். ஒரு காது போய்விட்டது. என்னைப் பார்த்ததும் உங்களையும் பெரியப்பாவையும்தான் விசாரித்தாள். எல்லோரும் நலம் என்றேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்.

கேட்டான். "அந்தக் கிழவன் என்ன சொல்றான்?" என்று கேட்டான். நான் சொன்னேன். பெரியப்பா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். யோசிக்கவில்லை, அக்கா. இரண்டு வருடமாக அவன் கேட்பான், என் வாய் சொல்லும். நடுவில் நான் என்று ஒருவன் இருப்பதே மறந்து போயிருந்தது. கடைசி வார்த்தை வாயை விட்டுப் போன பிறகுதான் என்ன சொன்னேன் என்று என் காதுக்கே விழுந்தது. பன்றியைக் கூப்பிடுகிறான் என்று சொல்லியிருந்தால் போதும். சிரித்துவிட்டு எழுந்து போயிருப்பார்கள். தினமும் ராத்திரி அந்தப் பன்றியைத்தான் சொல்லிப் பார்க்கிறேன். எவ்வளவு சுலபமான வார்த்தை.

இதை மறைத்துவிட்டுத்தான் உங்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். நீங்கள் என்னைச் சந்தேகப்பட்டது சரி.

உங்களை இப்படி விட்டுவிட என்னால் முடியாது. கீழே இருப்பதைத் தனியாகக் கிழித்து எடுத்து, பெரியப்பாவுக்குப் படித்துக் காட்டுங்கள். அவர் அதை அமெரிக்கர்களிடம் கொண்டுபோனாலும் பரவாயில்லை. என்னைத் தேடி வந்தால் நான் இங்கேதான் இருப்பேன்.

"பெரியப்பாவுக்கு, பவுலினோ எழுதுவது. எங்கிராசியா அக்கா விசாரணையில் சொன்னது பொய். என் மேல் இரக்கப்பட்டுப் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டாள். அன்று அவள் காட்டுப் பக்கமே வரவில்லை. ஒரு மூட்டை அரிசிக்கு ஆசைப்பட்டு நான்தான் காலையிலேயே சிப்பாய்களைக் குகைக்குக் கூட்டி வந்தேன். நீங்கள் சாப்பாடு கொடுத்துவிட்டு இறங்கும் வரை பாறைக்குப் பின்னால் காத்திருந்தோம். உங்கள் மகளுக்குக் கை கொடுங்கள். என்னை மன்னிக்க வேண்டாம்."

பவுலினோ


யோனா
பிப்ரவரி 9, 1945

பவுலினோ,

உன் கடிதத்தை மூன்று நாள் இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தேன். முதல் நாள் உன்னைக் கொல்ல வேண்டும் போலிருந்தது. இரண்டாம் நாள் அந்தப் பன்றியை நினைத்து உனக்காகவும் கொஞ்சம் அழுதேன். மூன்றாம் நாள் பழைய புத்தி வந்துவிட்டது. நான் படித்துக் காட்டினால் அப்பா உன்னைத் தூக்கில் போடச் சொல்வார். தூக்கிலிருந்து உன்னை இறக்கியவளே மறுபடி ஏற்றுவாளா? ஏற்ற மாட்டாள் என்று உனக்குத் தெரியும். படிக்க மாட்டேன் என்று தெரிந்துதான் இவ்வளவு தாராளமாக எழுதி அனுப்பினாயா? யார் என்ன செய்வார்கள் என்று கண்டுபிடிப்பதுதானே உன் வேலை.

அந்தச் சந்தேகம் வந்ததும் எழுந்து போய்ப் படித்துவிட்டேன். எனக்கு அந்தக் கை வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. அதை மறைக்கவில்லை.

அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடித்ததும், இன்னொரு தடவை படி என்றார். படித்தேன். பாறைக்குப் பின்னால் காத்திருந்தோம் என்ற இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"காலையிலயா?"

"அப்படித்தான் எழுதியிருக்கான்."

"நான் சாப்பாடு குடுத்தப்பவே அவனுங்க அங்க இருந்தானுங்களா?"

நான் காகிதத்தை மடித்தேன்.

"அப்ப சருகை மிதிச்சுக்கிட்டு என் பின்னாடி நடந்து வந்தது யாரு?"

தாத்தாவும் பாட்டியும்தான் என்று சொல்லியிருக்கலாம். அவ்வளவு பொய் சொன்னவளுக்கு இது ஒன்று பெரிதா? வரவில்லை, பவுலினோ. உனக்கு அந்தப் பன்றி வரவில்லையே, அதே போல எனக்கும் வரவில்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நீ அன்னிக்கு உப்பு கொண்டு போகல" என்றார். அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. அன்று முழுதும் வாசலில் வந்து உட்கார்ந்தவர்களிடம் உன் கதையைச் சொல்லவில்லை.

மறுநாள் விடிந்ததும் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நானும் பின்னால் போனேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஓடைக் காடு வரை இரண்டு மணி நேரம், வழியில் எங்கும் நிற்கவில்லை. ஆலமரம் வந்தது. நான் நின்றுவிட்டேன். அவர் தொப்பியைக் கழற்றாமல், அந்தப் பக்கம் திரும்பாமல், நேராக உள்ளே நடந்தார்.

"அப்பா, கேக்கலையா?"

"கேட்டது போதும்" என்றார். நாலு அடி ஏறி நின்று, என் பக்கம் கையை நீட்டினார். "பிடி. இந்த இடம் வழுக்கும்."

எங்கிராசியா